நிலவுக்கு வழியனுப்ப வந்த 10 லட்சம் பேர்

அப்பல்லோ 11 என்றால் ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் என்று இரண்டு பெயர்கள் உடனே வரும். பொது அறிவுப் போட்டிக்குப் படித்தவர்கள் காலின்ஸையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த மூவரையும் வழியனுப்ப அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

1969 ஜூலை 16, காலை 9.32 மணிக்கு ராக்கெட் கிளம்ப வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே கென்னடி விண்வெளி மையத்தைச் சுற்றியுள்ள சாலைகள் நிரம்பத் தொடங்கின. ஸ்டேஷன் வேகன், கேம்பர் வேன், பின்னால் டிரெய்லர் கட்டிய கார் என்று கிடைத்த வண்டியில் குழந்தை குட்டிகளோடு வந்தார்கள். ஓட்டல்களில் இடமில்லை. கோக்கோ பீச் மணலிலும், டைட்டஸ்வில் ஊரில் இந்தியன் நதிக் கரையோரச் சாலையிலும் கூடாரம் அடித்தார்கள். கூடாரம் இல்லாதவர்கள் காருக்குள்ளேயே தூங்கினார்கள். அங்கே ஜூலை மாதம் என்றால் வெயிலும் புழுக்கமும்தான், கூடவே கொசு. பக்கத்தில் உள்ள காயலின் பெயரே மஸ்கிட்டோ லகூன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இவ்வளவு பாடுபட்டு அவர்கள் பார்த்தது எவ்வளவு? டைட்டஸ்வில் கரையிலிருந்து 39ஏ ஏவுதளம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். 110 மீட்டர் உயர சாட்டர்ன் 5 ராக்கெட், அங்கிருந்து பார்த்தால் ஒரு குச்சி. முதலில் வெளிச்சம் மட்டும் தெரியும். சத்தம் வந்து சேரக் கிட்டத்தட்ட 55 விநாடி ஆகும். அந்த இடி முழக்கம் காதில் விழும்போது ராக்கெட் பல கிலோமீட்டர் மேலே போயிருக்கும். சிறப்பு விருந்தினர்களும் பத்திரிகையாளர்களும் மட்டும் ஐந்தரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தார்கள். எரிபொருள் நிரப்பிய ராக்கெட் வெடித்தால் என்ன ஆகும் என்ற கணக்கில் வைத்த தூரம் அது. முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்சனாக இருந்தாலும் அதற்குமேல் நெருங்க முடியாது.

இதே காலத்தில் சோவியத் யூனியன் தன் ஏவுதளம் எங்கே இருக்கிறது என்பதையே மறைத்தது. பைக்கோனூர் என்று உலகுக்குச் சொன்ன பெயர், உண்மையான இடத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த வேறொரு ஊரின் பெயர். ககாரின் பறந்த செய்திகூட அவர் மேலே போன பிறகுதான் வெளியே வந்தது. அமெரிக்காவில் தேதி, நேரம் எல்லாம் முன்கூட்டியே அறிவிப்பு. வெடித்தாலும் ஊர் பார்க்கத்தான் வெடிக்கும். இதில் பெருந்தன்மை மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. அப்பல்லோ திட்டத்துக்கு ஆன செலவு 1973-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த கணக்கின்படி 2,540 கோடி டாலர். 1966-ல் மட்டும் நாசா அந்நாட்டு பட்ஜெட்டில் நூற்றுக்கு நான்கு பங்குக்குமேல் வாங்கியது. இவ்வளவு வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்பவனுக்கு எதையாவது காட்ட வேண்டும் அல்லவா? 1966-ல் மையத்துக்குள் சுற்றுலாப் பேருந்து விட்டார்கள். 1967-ல் பார்வையாளர் மையம் திறந்தார்கள். ஒரு கம்பெனியின் பங்குதாரர் கூட்டம் போலத்தான் அந்தக் கடற்கரைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். பணம் போட்டவர்கள் நேரில் பார்க்க வந்திருந்தார்கள்.

பங்குதாரர் கூட்டம் என்றால் கேள்வி கேட்க ஒருவர் எழுந்து நிற்பார் இல்லையா? இங்கேயும் நின்றார். ரால்ஃப் அபர்னதி, மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய தோழர். 1968-ல் கிங் கொல்லப்பட்ட பிறகு அவருடைய இயக்கத்தை நடத்தியவர். ஏவுதலுக்கு முந்தின நாள், ஜூலை 15 அன்று, ஏழைக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வந்தார். ஊரெல்லாம் காரில் வந்திருக்க, இவர்களோடு வந்தவை கோவேறு கழுதை பூட்டிய வண்டிகள். நிலவுக்குப் போகும் ராக்கெட்டுக்கு எதிரில் கழுதை வண்டி! இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வியைக் கேட்க முடியாது. சாப்பாடு இல்லாதவர்கள் இத்தனை பேர் இருக்க, நிலவுக்குப் போக இத்தனை கோடியா என்பதுதான் அந்தக் கேள்வி.

நாசா தலைவர் தாமஸ் பெய்ன் போலீஸை அனுப்பவில்லை. தூறல் மழையில் தானே வந்து அவர்களைச் சந்தித்தார். நாளை அந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் அழுத்தவே மாட்டோம் என்ற பொருளில் பேசினார். அழகான பதில்தான். ஆனால் அபர்னதி கேட்டது அதை அல்ல. ராக்கெட்டை நிறுத்தச் சொல்லி அவர் வரவில்லை, எதற்கு முதலில் செலவு செய்வது என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. விண்வெளி வீரர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று பெய்ன் கேட்டார், அபர்னதி சரி என்றார். அவர் அழைத்து வந்தவர்களில் சிலருக்கு மறுநாள் விருந்தினர் பகுதியில் இடம் கிடைத்தது. மணலில் கூடாரம் போட்டவர்களைவிட அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நடந்ததும் கணக்குதான். அந்த பிரெவர்ட் மாவட்டத்தில் 1950-ல் சுமார் 23 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1970-ல் 2 லட்சத்து 30 ஆயிரம். 1970-லேயே கடைசி அப்பல்லோ பயணங்களை ரத்து செய்துவிட்டார்கள். 1968-ல் விண்வெளி மையத்தில் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 26 ஆயிரம் பேர். 70-களின் நடுவில் அதில் பாதிகூட மிஞ்சவில்லை. பறக்காமல் நின்றுபோன ஒரு சாட்டர்ன் 5 பல வருடங்கள் வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் படுத்துக் கிடந்தது. 1990-களில்தான் அதற்கு ஒரு கூரை கிடைத்தது. இன்று பார்வையாளர் மையம் வரிப்பணத்தில் நடப்பதில்லை, நுழைவுச்சீட்டு வருமானத்தில் நடக்கிறது.

கூடாரம் போட்டுக் காத்திருக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. துறைமுகத்தை ஒட்டிய ஜெட்டி பார்க் முகாமில் இப்போதும் ராக்கெட் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். 2022-ல் ஆர்டெமிஸ் 1 பார்க்க ஆகஸ்ட் 29 அன்று வந்தவர்களுக்கு ஏமாற்றம். செப்டம்பர் 3 அன்றும் ஏமாற்றம். கடைசியில் அது கிளம்பியது நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி 1.47 மணிக்கு.