கனவுக்குள் விழிக்க முதலில் எந்த வழி?

கனவு காணும்போதே 'இது கனவு' என்று அறியப் பல உத்திகள் சொல்லப்படுகின்றன. நம் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது, நடுச்சாமத்தில் அலாரம் வைத்து எழும்புவதை. வரலாறு காட்டும் வரிசை வேறு.

பிரான்சின் ஹெர்வே த சென்-தெனி 13 வயதில் கனவுகளைக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். மாதக்கணக்கில் எழுதிய பிறகே கனவுக்குள் சுயநினைவு வந்தது. 1867இல் அதை நூலாக்கினார். 1913இல் இதற்குத் 'தெளிகனவு' என்று பொருள்படும் பெயரைத் தந்த டச்சு மருத்துவர் வான் ஈடனும் கனவுகளைக் குறித்து வைத்தவரே.

1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் சான்று கண்டார். உறக்கத்திலிருந்த அலன் வோர்ஸ்லி, முன்பே பேசிக்கொண்டபடி கண்களை இடம்வலமாக அசைத்துச் சைகை காட்டினார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டீபன் லாபெர்ஜ் ஓர் எளிய உத்தி தந்தார்: கனவிலிருந்து விழித்ததும் அதை மீட்டிப் பார்த்து, 'அடுத்த கனவில் இது கனவென்று நினைவுகொள்வேன்' என்று உறுதியெடுத்து மீண்டும் உறங்குவது. அதற்கும் கனவு ஞாபகம் இருக்க வேண்டுமே!

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது: முதலில் கொப்பி, அடுத்து இந்த நினைவு உத்தி. அலாரம் கடைசியில், அதுவும் விடுமுறையில் மட்டும். நீண்ட கனவுகள் விடியற்பக்கத் தூக்கத்தில்தான் அதிகம். தூக்கத்தை வெட்டினால் பாடமும் போகும், கனவும் போகும்.