புட்டியில் கிடந்த கட்டி

மச்சத்தை எடுப்பது புதிய வித்தை அல்ல. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்துப் பொசுக்குவது நம் ஊர்களில் பழைய வழக்கம்தான். இன்றைய லேசர் அதே காரியத்தைக் கொஞ்சம் சுத்தமாகச் செய்கிறது, அவ்வளவே. ஆகவே மச்ச சிகிச்சையின் வரலாற்றைக் கத்தியின் வரலாறாக எழுதப் புகுந்தால் சொல்வதற்கு அதிகம் இராது. எடுத்ததை என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் கதை பிடிபடும். 1787இல் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர், 35 வயது ஆண் ஒருவரின் தாடையோரம் மறுபடியும் வளர்ந்திருந்த கட்டியை வெட்டி எடுத்தார். அது இன்ன நோய் என்று அவருக்குத் தெரியவில்லை. காளான்போல் முளைத்த புற்று என்று குறித்துக்கொண்டார். ஆனால் தூக்கி எறியாமல் புட்டியில் போட்டு வைத்தார். அவருடைய சேகரிப்பு பின்னாளில் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரிக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் நடந்த குண்டுவீச்சில் அதில் பெரும்பகுதி அழிந்தும் இந்தப் புட்டி தப்பியது. 1968இல் உள்ளிருந்ததை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அது மெலனோமா என்னும் தோல் புற்று என்று உறுதியானது. நோயாளி போய்ச் சேர்ந்த பிறகும் அவருடைய கட்டி 181 ஆண்டு பதிலுக்குக் காத்திருந்திருக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் நோய்க்குப் பெயர் வந்துவிட்டது. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே லென்னெக்தான் 1804இல் பாரிஸில் இந்தக் கறுப்புக் கட்டிகளைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். மச்சத்தை அந்த நோயோடு முடிச்சுப் போட்டவர் இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற சிற்றூர் மருத்துவர் வில்லியம் நாரிஸ். 1820இல் அவர் எழுதியது 59 வயது மனிதர் ஒருவரைப் பற்றி: வயிற்றிலிருந்த மச்சம் கட்டியானது, வெட்டினார்கள், சில வாரங்களில் திரும்ப முளைத்தது, ஆள் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தால் உள்ளெல்லாம் கறுப்பு. தகப்பனும் இதே நோயில் போனவர், பிள்ளைகள் உடம்பிலும் நிறைய மச்சங்கள் என்பதையும் நாரிஸ் விடாமல் எழுதினார். 'மச்சத்தில் கத்தி பட்டால் புற்றாகிவிடும்' என்று நம்மவர்கள் அஞ்சுவதை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாதது இதனால்தான். வெட்டியபின் நோய் பரவி ஆள் இறப்பதைப் பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? கண்ணால் கண்டது பொய்யில்லை, முன்பின் மாறிப்போயிற்று. கத்தி வருமுன்பே அது புற்றாகிப் பரவத் தொடங்கியிருந்தது.

கத்திதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற பிழையை மருத்துவர்களும் வேறு வடிவில் நெடுநாள் சுமந்தார்கள். 1907இல் லண்டனில் ஹேண்ட்லி என்ற அறுவை மருத்துவர் ஒரே ஒரு பெண்ணின் பிரேதப் பரிசோதனையை வைத்துக்கொண்டு, கட்டியைச் சுற்றி மிக அகலமாக வெட்ட வேண்டும் என்றார். ஒரு சடலம் தந்த பாடத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு, நாலாபுறமும் ஐந்து சென்டிமீட்டர் தோலை உரித்தெடுப்பது வாடிக்கையானது. கணக்கை மாற்றியவர் கத்தி பிடித்தவர் அல்ல, நுண்ணோக்கியில் கண் வைத்தவர். 1970இல் வாஷிங்டன் நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ, 98 நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டிகளின் தடிப்பை அளந்தார். கட்டி 0.76 மில்லிமீட்டரைவிட மெல்லியதாக இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவோ பரவவோ இல்லை. எத்தனை அகலம் வெட்டினோம் என்பதைவிட எத்தனை ஆழம் போயிருந்தது என்பதே உயிரைத் தீர்மானித்தது. 1988இல் வெளியான ஓர் ஆய்வு, மெல்லிய கட்டிகளுக்கு ஒரு சென்டிமீட்டர் ஓரமே போதும் என்று காட்டியது. அதற்குள் பார்வை வெளித்தோலுக்கும் வந்திருந்தது: 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் சமச்சீரின்மை, ஒழுங்கற்ற ஓரம், சீரற்ற நிறம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலம் என்று மெலனோமாவுக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார்கள். 2004இல் 'மாறிக்கொண்டே இருத்தல்' ஐந்தாவதாகச் சேர்ந்தது. என் கணக்கில் அதுதான் முதலில் இருந்திருக்க வேண்டும்.

இது வெள்ளைத்தோலின் நோய், நமக்கேன் என்று கேட்கலாம். நம்மிடம் இது அரிது என்பது உண்மை. ஆனால் கறுத்த தோலில் வரும்போது பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது, 1981இல் 36 வயதில் இறந்தார். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: பார்க்கப் பார்க்க நோய் பெருகுகிறது என்பது. அமெரிக்காவில் 40 ஆண்டில் மெலனோமா ஆறு மடங்கு கூடியும் சாவு அதற்கேற்பக் கூடவில்லை. தீங்கு செய்யாததையும் புற்று என்று எழுதிவிடுகிறார்கள் என்ற சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் எல்லா மச்சத்தையும் எல்லோரும் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாறுகிற மச்சத்தைக் காட்டாமலிருப்பதற்கு மட்டும் அது காரணமாகாது. பொசுக்கினாலும் லேசரில் சுட்டாலும் பரிசோதிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே மாறிவரும் மச்சத்தைத் தோல் மருத்துவர் பார்க்காமல் சுடவிடாதீர்கள். வெட்டி எடுத்தால், எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.