குண்டுக்கு எடை உண்டா?

ஆணிகள் அடித்த சாய்பலகையில் குண்டை உருட்டி, அது எந்தக் குழியில் விழுகிறது என்று பார்க்கும் 'பகடெல்' விளையாட்டை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் கோலி ஆடிய மாணவனுக்கு இதன் சூட்சுமம் புதிதன்று. குண்டு எப்படி ஓடும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் ஆட்டம். இந்தச் சிறு விளையாட்டு நகர மன்றம் வரை வழக்காடச் சென்று, பிறகு உள்ளங்கைக்குள் அடங்கிய வரலாறு சுவையானது.

பகடெல் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றியது. 1871இல் அமெரிக்காவில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர், குண்டைச் சுருள்வில்லால் உந்தும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1931இல் டேவிட் காட்லீபின் 'பேஃபிள் பால்' வந்தது. காசு போட்டால் ஆடலாம். குண்டை உந்திவிட்ட பின் ஆடுபவர் செய்யக்கூடியது மேசையைத் தட்டி அசைப்பது ஒன்றே. அதுவும் அளவு மீறினால் ஆட்டத்தை நிறுத்திவிடும் 'டில்ட்' கருவியை 1930களில் ஹாரி வில்லியம்ஸ் அமைத்தார்.

இது முழுக்க அதிர்ஷ்டம், ஆகவே சூதாட்டம் என்று கூறி, 1942இல் நியூயார்க் நகரம் பின்பால் இயந்திரங்களைத் தடை செய்தது. மேயர் லாகார்டியாவின் ஆணைப்படி அவை சம்மட்டியால் உடைக்கப்பட்டன. 1947இல் 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் இயந்திரத்தில், குண்டைத் திருப்பி அடிக்கும் 'பிளிப்பர்' கைகளை ஹாரி மேப்ஸ் சேர்த்தார். ஆடுபவரின் கைக்கு வேலை வந்தது. ஆயினும் தடை நீங்கவில்லை. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற ஆட்டக்காரர் நகர மன்ற உறுப்பினர்கள் முன்னிலையில், குண்டு எந்த வழியே செல்லும் என்று முதலில் சொல்லிவிட்டு, அவ்வாறே செலுத்திக் காட்டினார். தடை நீங்கியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற இதே கேள்வி நம் நாட்டிலும் எழுந்ததுண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற குதிரைப் பந்தய வழக்கில், 1996இல் உச்சநீதிமன்றம் அதனைத் திறமை விளையாட்டு என்று தீர்ப்பளித்தது.

ஷார்ப் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது எதனால்? இயற்பியல் விதி மாறாதது என்பதால்! பின்பால் மேசையின் சாய்வு ஏறக்குறைய 6.5 பாகை. வழுக்காமல் உருளும் கோளத்தின் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனாலும் 5/7 என்ற பின்னத்தாலும் பெருக்கக் கிடைப்பது. கணக்கிட்டால் வினாடிக்கு வினாடி சுமார் 0.8 மீட்டர் வரும். நேராக விழும் குண்டு ஒரு மீட்டரை 0.45 வினாடியில் கடக்கும். இங்கே ஓய்விலிருந்து உருளும் குண்டுக்கு 1.6 வினாடி ஆகும். கண்டு, கணித்து, கையை இயக்க அந்த அவகாசம் போதும்.

இனி உள்ளங்கைக்கு வருவோம். 1983இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், பைக்குள் அடங்கும் 'பின்பால்' கருவியை வெளியிட்டது. அதில் குண்டு உருளவில்லை. திரையில் குறித்த இடங்களில் மாறி மாறித் தோன்றியது. 1999இல் 'போக்கிமான்' விளையாட்டின் கிளையாக 'போக்கிமான் பின்பால்' வந்தது. அதிர்வை உண்டாக்கும் மோட்டாரையும், அதற்கென ஒரு பேட்டரியையும் அதன் அட்டைக்குள்ளேயே வைத்திருந்தனர். கையில் உணர்ந்த அந்த அதிர்வை ஆடியவர்கள் பாராட்டினர். ஆனால் மேசைகள் இரண்டே. அதிலும் ஒரு நேரத்தில் பாதி மேசைதான் தெரியும். 2005இல் வந்த 'மெட்ராய்டு பிரைம் பின்பால்' இரண்டு திரைகளில் முழு மேசையையும் காட்டியது. அதன் குண்டு எடையுள்ளதுபோல் ஓடுகிறது என்றனர் பலர். இரு திரைகளுக்கும் இடையே உள்ள வெளியில் குண்டு ஒரு கணம் மறைவது இடையூறு என்றனர் சிலர்.

'எடை' என்று அவர்கள் சொன்னதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேலே கண்ட கணக்கில் நிறை வரவே இல்லை. சாய்தளத்தில் கனத்த குண்டும் இலேசான குண்டும் ஒன்றுபோலவே உருளும். அவர்கள் தேடியது எடையை அன்று, ஒழுங்கை. திரையில் குண்டும் இல்லை, சாய்வும் இல்லை. கணிப்பொறி நொடிக்குப் பலமுறை எண்களைக் கூட்டிப் பெருக்குகிறது. அந்தக் கணக்கு நியூட்டனின் விதிகளை ஒட்டிச் சென்றால் பழகப் பழகத் திறமை வளரும். விருப்பம்போல் மாறினால், எவ்வளவு பழகினாலும் அது வெறும் அதிர்ஷ்டமே. நியூயார்க்கில் நடந்த வழக்கும் இதுவேயன்றோ!

ஒரு மீட்டர் பலகை, ஒரு கோலிக்குண்டு, ஒரு நிறுத்துக் கடிகாரம். பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையைச் சுமார் 11 சென்டிமீட்டர் உயர்த்தி உருட்டிப் பாருங்கள். அந்த 1.6 வினாடி உங்களுக்கும் கிடைக்கிறதா?