தீராந்தி

பெயர்ச்சொல். சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்து கூரையைத் தாங்கும் கனத்த மரம், குறுக்குவிட்டம்.

யன்னல், அலுமாரி போலப் போர்த்துக்கேயர் வழி வந்த சொல். மூலம் ‘திரான்தே’, ‘திரார்’ என்றால் இழுத்தல்.

இணுவிலில் ஓடு போட்ட பழைய வீடொன்றில் அண்ணாந்து பார்த்தால் அந்த இழுவை விளங்கும். சாய்ந்த கூரையின் பாரம் சுவர்த்தலைகளை வெளியே தள்ளும். தீராந்தி இரண்டையும் பிணைத்து உள்ளே இழுத்துப் பிடிக்கும். முற்றிய பனையின் கறுத்த வெளிவைரத்தில் நார்கள் நெருக்கமாக நீளவாக்கில் ஓடுவதால், இழுவைக்கு அது நன்றாக ஈடுகொடுக்கும்.

அடுக்குமாடியிலும் இதே வேலை உண்டு. கொங்கிறீற்று அமுக்கத்தைத் தாங்கும் அளவில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு இழுவையைத்தான் தாங்கும். மிச்சத்தை உள்ளே கிடக்கும் கம்பி ஏற்கிறது. 1968 மே 16இல் லண்டனில் ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப்பலகை ஒன்று பெயர்ந்ததும் ஒரு மூலை முழுவதும் மாடி மாடியாகச் சரிந்தது, நால்வர் இறந்தனர். பலகைகளிடையே போதிய பிணைப்பு இருக்கவில்லை. அதன் பின்னரே தளங்களையும் சுவர்களையும் கம்பியால் பிணைப்பது பிரித்தானியக் கட்டட விதிகளில் வலுப்பெற்றது.

வெள்ளவத்தையில் மாடிவீடு வாங்குபவரும், இணுவிலில் மேல்மாடி எழுப்புபவரும் தூணின் பருமனோடு நின்றுவிடக் கூடாது. தூணையும் வளையையும் தளத்தையும் எது பிணைக்கிறது என்று பொறியியலாளரிடம் கட்டாயம் கேட்கவேண்டும்.