வீட்டு மதிப்பீட்டு அறிக்கை: ஓவேலியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டை விற்கும்போதும், வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கும்போதும் மதிப்பீட்டாளரின் அறிக்கை கைக்கு வருகிறது. நம்மில் பலர் கடைசிப் பக்கத்துத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். ஓவேலியில் வீடு வைத்திருப்பவர்கள் அப்படிச் செய்யக் கூடாது.

காரணம், ஜன்மம் நிலம். கூடலூர்ப் பகுதி நிலங்கள் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்துக்கு உரியவை. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் அவற்றை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. சிலருக்குப் பட்டா கிடைக்க வழி பிறந்தது. தோட்டக் குத்தகை நிலங்களோ 17ஆம் பிரிவில் சிக்கின. (அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை குறித்து 2007இல் ஒன்பது நீதிபதிகள் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பும் இந்தச் சட்டத்தையொட்டி எழுந்ததுதான்.) அந்த நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் ஏராளம்.

மதிப்பீட்டாளர் பொறியாளர், வழக்கறிஞர் அல்லர். "உரிமை தெளிவாக உள்ளது எனக் கொண்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொகையைப் போட்டுவிடுவார். அந்த ஒரு வரிதான் முக்கியம். புல எண்ணை அ-பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பேரூராட்சிக்குக் கட்டிய வீட்டுவரி ரசீது நில உரிமைக்கு ஆதாரமாகாது.

கட்டடக் கணக்கு எளிது. 800 சதுர அடி, சதுர அடிக்கு 1,800 ரூபாய் என்றால் 14,40,000. ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று வைத்தால், 20 ஆண்டு வீட்டுக்குத் தேய்மானம் 30 சதவீதம், மீதி 10,08,000. பரப்பளவு தவறாக இருந்தால் மறு அளவீடு கேட்டு எழுத்தில் கொடுங்கள். சரிவில் கட்டிய தடுப்புச் சுவர் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்குபவர் வங்கிக் கடனை நம்பி வந்தால், பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததையே வங்கி பொதுவாக எடுத்துக்கொள்ளும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு அதில் அதிகபட்சம் 90 சதவீதம்தான். பட்டா இல்லையென்றால் பேச்சு அந்த அளவுக்கே போகாது.

பங்கு பிரிப்பில்தான் மனக்கசப்பு வருகிறது. ஒரு மகன் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் தருகிறார் என்று வைப்போம். பட்டா நிலத்தின் விலையைப் போட்டுக் கணக்கிட்டால், தம்மால் விற்க முடியாத நிலத்துக்கு அவர் சகோதரிகளுக்குப் பணம் கட்டுகிறார். நிலத்தை அடியோடு விட்டுவிட்டால் சகோதரிகளின் பங்கு குறைகிறது. எனவே நிலத்துக்குத் தனித் தொகை, கட்டடத்துக்குத் தனித் தொகை என்று மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். பின்னால் பட்டா கிடைத்தால் நிலத்தின் பங்கை எப்படிப் பிரிப்பது என்பதையும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.