ஆயுளும் அமைதியும்: காவிரிநாட்டுச் சமணர் கண்ட முதுமை

தஞ்சை மண்டலம் நீண்ட ஆயுளைக் கொண்டாடும் நாடு. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே அமைந்த திருக்கடையூரில், அறுபது நிறைந்தோர் மணிவிழாவும் எண்பதைக் கடந்தோர் சதாபிஷேகமும் செய்துகொள்வதை ஆண்டு முழுவதும் காணலாம். மார்க்கண்டேயனுக்காகக் காலன் விலக்கப்பட்ட தலம் என்பது அவ்வூரின் புராணம். ஆயிரம் பிறை கண்டவர் என்னும் வழக்கிற்குக் கணக்கும் உண்டு. ஓராண்டில் பன்னிரண்டு முழுநிலவுக்குச் சற்று மேல் வருவதால், எண்பது ஆண்டும் பத்துத் திங்களும் வாழ்ந்தவர் ஏறத்தாழ ஆயிரம் முழுநிலவைக் கண்டவராவார்.

அதே காவிரிநாட்டில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் சமணர், முதுமையை வேறொரு கோணத்தில் நோக்கினர். நீண்ட ஆயுளை அவர்கள் வெறுத்தாரல்லர். ஆயினும் அதனை வேண்டிப் பெறும் வரமாகக் கருதவில்லை. ஆயுள் என்பது எண்வினைகளுள் ஒன்று. முற்பிறப்பில் கட்டிய அளவே இப்பிறப்பில் கழியும். கூட்டுவதற்கு வழியில்லாத ஒன்றை எவ்வாறு செலவிடுவது என்பதே சமண நூல்கள் எழுப்பிய வினா.

நான்கு ஜினாலயங்கள்

டெல்டாப் பகுதியின் ஜினாலயங்களை வரிசையாகத் தரிசிப்பவர், ஆயுளைப் பற்றிய ஒரு பாடத்தையே கற்றுத் திரும்பலாம். தஞ்சைக் கரந்தையிலும், குடவாசலை அடுத்த தீபங்குடியிலும் எழுந்தருளியிருப்பவர் பகவான் ஆதிநாதர். கும்பகோணத்தில் சந்திரப்பிரபர். மன்னார்குடியில் மல்லிநாதர். தமிழ்ச் சமணர் இல்லங்களில் போற்றிப் படிக்கப்பெறும் ஸ்ரீபுராணம் இவர்களின் ஆயுளைத் தெளிவாகக் கூறுகிறது. ஆதிநாதருக்கு 84 லட்சம் பூர்வம். சந்திரப்பிரபருக்குப் 10 லட்சம் பூர்வம். மல்லிநாதருக்கு 55,000 ஆண்டு. பூர்வம் என்பது 84 லட்சத்தை 84 லட்சத்தால் பெருக்கிய ஆண்டுத்தொகை. அதாவது 70,56,000 கோடி ஆண்டு. பின்வந்த பார்சுவநாதருக்கோ 100 ஆண்டுதான். மகாவீரருக்கு 72.

இது அவசர்ப்பிணியின் இறங்குமுகம். ஐந்தாம் காலமாகிய இன்றைய காலத்தின் தொடக்கத்தில் மக்களின் உயர்ந்த ஆயுள் 120 ஆண்டு என்றும், 21,000 ஆண்டு கழிந்து அக்காலம் முடியும்போது அது 20 ஆகச் சுருங்கும் என்றும் ஆகமம் கூறும். இக்கணக்கை முன்வைத்துப் பார்த்தால், எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் உள்ள வேறுபாடு கடலில் ஓர் அலையளவும் ஆகாது.

எனினும் ஸ்ரீபுராணம் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. ஆதிநாதர் தம் 84 லட்சம் பூர்வத்தில் 83 லட்சத்தை இல்லறத்திலும் அரசிலும் கழித்தார். உழவு முதலிய அறுதொழிலை மக்களுக்குக் கற்பித்தவரும் அவரே. நெல்விளையும் நாட்டார்க்கு இது மறக்கத்தகாத செய்தி. நீலாஞ்சனை என்னும் அரமகள் அவைநடுவே ஆடிக்கொண்டிருந்தபோதே ஆயுள் முடிந்து மறைந்தாள். அந்த இடத்தில் இந்திரன் உடனே வேறொருத்தியை நிறுத்தியதை அவையோர் அறியவில்லை. பகவான் ஒருவரே அறிந்தார். அக்கணமே துறவு பிறந்தது. மல்லிநாதரோ மணம் புரியாமல் இளமையிலேயே துறவு பூண்ட ஐந்து தீர்த்தங்கரருள் ஒருவர். ஒருவர் ஆயுளின் பெரும்பகுதியை உலகக் கடமைக்கு ஈந்தார். மற்றொருவர் தொடக்கத்திலேயே விடைபெற்றார். இருவரும் எய்திய வீடுபேறு ஒன்றே. ஆண்டின் நீளத்திற்கும் ஆன்மாவின் உயர்வுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

இலக்கியம் காட்டும் முதுமை

சமண முனிவர் பாடல்களின் தொகுப்பாகப் போற்றப்படும் நாலடியார் செல்வம், இளமை, யாக்கை ஆகிய மூன்றின் நிலையாமையோடு தொடங்குகிறது. கோலூன்றித் தளரும் முதியோரின் உருவம் அங்கு இளையோர்முன் நிறுத்தப்படுகிறது. முதியோரை இகழ்வது அதன் நோக்கமன்று. கண்ணும் காலும் துணைசெய்யும் பருவத்திலேயே அறத்தைத் தொடங்குக, முதுமைக்கென அதனை ஒத்திவைக்காதே என்பதே அதன் கருத்து. நெல்லை விளையும் பருவத்தில் விளைவித்து, நீர் வற்றும் முன்னர்க் களஞ்சியம் சேர்க்கும் உழவர்க்கு இவ்வுரை புதிதாய் இருந்திராது.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி இதன் அடுத்த படியைக் காட்டுகிறது. மகன் அரியணை ஏறியபின், தாய் விசயமாதேவி அரண்மனையில் அமர்ந்து ஆணையிடும் முதுமையை விரும்பவில்லை. வளர்ப்புத்தாய் சுநந்தையோடு துறவு நெறியை மேற்கொள்கிறாள். சீவகனும் தன் காலம் வருகையில் தயங்கவில்லை. சோலையில் ஒரு கடுவன் தன் மந்திக்குக் கொடுத்த பலாக்கனியைத் தோட்டக்காவலன் பறித்துக்கொள்வதைக் கண்டு, அரசும் அவ்வாறே கைமாறுவது என உணர்கிறான். பொறுப்பை உரிய காலத்தில் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தல், அதன்பின் அதனைப் பற்றிக்கொள்ளாதிருத்தல் ஆகிய இவ்விரண்டும் சமணக் காப்பியம் முதுமைக்கு வகுத்த இலக்கணம்.

சல்லேகனை: வாழ ஆசையும் சாக ஆசையும்

சமணரின் முதுமை குறித்துப் பிறர் அதிகம் கேட்பதும், பெரிதும் பிழைபடப் புரிந்துகொள்வதும் சல்லேகனையைத்தான். சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் இதற்கு நான்கு சூழல்களைக் கூறுகிறது: பேரிடர், பஞ்சம், முதுமை, நோய். இவற்றுள் எதுவாயினும் மாற்று வழியற்றதாய் இருத்தல் வேண்டும் என்பது உடன் வைத்த நிபந்தனை. ஆகவே முதுமை வந்தது என்பது மட்டுமே காரணமாகாது. தீர்க்கக்கூடிய நோயும், ஆதரிக்கக்கூடிய தளர்ச்சியும் இவ்விலக்கணத்துள் அடங்கா. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய ஒழுக்கங்களோடு இதனையும் இணைத்தே கூறுகிறது.

அதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை இவ்விரதத்திற்குச் சொல்லப்பட்ட குற்றங்கள். இன்னும் வாழவேண்டும் என்னும் ஆசை ஒரு குற்றம். விரைந்து சாகவேண்டும் என்னும் ஆசையும் அதற்கு நிகரான குற்றம். வாழ்வை வேண்டிக் காலனிடம் மன்றாடுவதும், வாழ்வை வெறுத்துக் காலனை அழைப்பதும் ஒரே பற்றின் இரு முகங்கள். மனச்சோர்வால் உயிரை மாய்த்துக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள தொலைவு இவ்வொரு விதியாலேயே விளங்கும். விரதத்தின் முதற்படியாக உணவு கூறப்படவில்லை. அன்பும் பகையும் களைந்து, சுற்றத்தாரையும் ஏவலரையும் இன்சொல்லால் பொறுத்தருளி, அவர்களிடம் தாமும் பொறுத்தருள வேண்டுக என்பதே முதற்படி. முதியவர் தம் வீட்டாரோடு மனம் ஒத்துப்போகாத நிலையில் அடுத்த படிக்கு இடமில்லை.

தமிழகத்தில் இதற்குப் பழஞ்சான்றாய் நிற்பது செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்று. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் நோற்று உயிர்நீத்ததை அங்குள்ள வட்டெழுத்து நிசீதிகைக் கல்வெட்டு அறிவிக்கிறது. இளையபட்டாரர் 30 நாள் நோற்றதை அக்குன்றின் மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. காவிரிநாட்டின் நினைவில் நிற்பவர் கவுந்தியடிகள். புகாரின் புறத்தே காவிரிக்கரைச் சோலையில் தவமிருந்த அவர், கோவலனையும் கண்ணகியையும் மதுரைவரை வழிநடத்தினார். கோவலன் முடிவைக் கேட்டபின் உண்ணாநோன்பால் உயிர்துறந்தார் என்கிறது சிலப்பதிகாரம். அது பெருந்துயரின் நடுவே ஒரு துறவி எடுத்த முடிவு. சிராவகாசாரம் கூறும் படிமுறை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அண்மைக் காலத்தில் ஆசாரிய சாந்திசாகரர் மகாராட்டிரத்தின் குந்தலகிரியில் 1955 செப்டம்பர் 18 அன்று, 36 நாள் சல்லேகனைக்குப் பின் சமாதி எய்தினார். 1872இல் பிறந்த அவர், எண்பதைக் கடந்து பார்வை மங்கி, துறவியர்க்குரிய உயிர்க்காப்பு நெறியைப் பேண இயலாத நிலையிலேயே விரதம் ஏற்றார். 2015 ஆகஸ்டு 10 அன்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா என்னும் இவ்விரதத்தைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பிற்கு இடைக்காலத் தடை விதித்தது. இவ்விவாதத்தில் சமணர் சார்பில் தெளிவாக எடுத்துரைக்க வேண்டியது, வாழும் ஆசையையும் சாகும் ஆசையையும் ஒருசேரக் குற்றமென்று கூறிய அந்த விதியைத்தான்.

கும்பகோணம், 1880

முதியோர் எதற்காக வாழவேண்டும் என்னும் வினாவிற்குக் காவிரிநாடு தந்த விடை ஒன்று உண்டு. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855இல் பிறந்தவருமான உ.வே. சாமிநாதையர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஏட்டைக் கையில் எடுத்தபின்னரும் பொருள் முழுதும் விளங்கவில்லை. சமணக் கொள்கையும் மரபும் அறியாதவர்க்கு அந்நூல் பூட்டிய பெட்டியாகவே இருந்தது.

அப்பூட்டைத் திறந்தவர் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தார். சந்திரநாத செட்டியாரின் இல்லத்திற்கு ஐயர் சென்றபோது அங்கே மாவிலைத் தோரணங்கள் கட்டியிருந்தன. விசேடம் யாதென வினவியவர்க்கு, சிந்தாமணி படித்து நிறைவுற்ற நாள் என்னும் விடை கிடைத்தது. அச்சேறாத ஒரு காப்பியத்தை வீட்டில் அமர்ந்து படித்தும் கேட்டும், முடிந்த நாளை விழாவாகக் கொண்டாடியும் வந்தவர்கள் அவர்கள். திண்டிவனத்தை அடுத்த வீடூரைச் சேர்ந்த அப்பாசாமி நயினாரும் ஐயரின் ஐயங்களைத் தீர்த்தார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வெளிவந்தது. ஏடு பல இடங்களில் கிடைத்திருக்கலாம். அதன் பொருளோ முன்னோர் வாயிலிருந்து வழிவழியாகக் கேட்டவர் நெஞ்சில் மட்டுமே இருந்தது. ஒரு தலைமுறை கேளாமல் விட்டிருப்பின் அவ்விழை அறுந்திருக்கும்.

சாமிநாதையரின் முதுமையும் இதற்கு இசைந்ததே. 1935இல் அவருடைய சதாபிஷேகத்தைத் தமிழுலகம் கொண்டாடியது. எண்பத்தைந்தாம் வயதை எட்டும் வேளையில், 1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் மறையும்வரை அப்பணி தொடர்ந்தது. கும்பகோணத்துச் சமணரைப் பற்றி இன்று அறிபவற்றுள் பெரும்பகுதி அந்த முதியவர் நினைவிலிருந்து வந்ததே.

இன்றைய முதியோர்

நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டளவே. குழந்தை இறப்பு மிகுதியாயிருந்ததே அதற்குப் பெருங்காரணம். அன்றும் எண்பது கண்டவர் இருந்தனர், சிலரே. இன்று அச்சராசரி எழுபதை அடுத்துள்ளது. முன்னர் ஊருக்கு ஒருவராய் இருந்த முதியவர் இன்று தெருவுக்குப் பலராயினர். அதே காலத்தில் மக்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல்கடந்தும் சென்றனர். குறுவையும் தாளடியும் சூழ்ந்த ஊர்களில் பெரிய வீடுகளை இரண்டு முதியவர் மட்டும் காத்துவருவது டெல்டாவில் எங்கும் காணும் காட்சி. சிறு எண்ணிக்கையினரான சமணக் குடும்பங்களும் இதற்கு விலக்காக இயலாது.

இந்நிலையில் முன்னோர் நெறி இருபாலார்க்கும் கடமை வகுக்கிறது. முதியோர் விசயமாதேவியைப்போல் பொறுப்பை மனமுவந்து ஒப்படைக்க வேண்டும். ஆயினும் அறிந்ததை ஒப்படைக்காமல் விடைபெறலாகாது. இளையோர் மருந்தும் பணமும் அனுப்புவதோடு கடமை முடிந்ததென எண்ணலாகாது. சிராவகாசாரம் இறுதிக்கென வகுத்த பொறுத்தருளலை இன்றே தொடங்கலாம். சந்திரநாத செட்டியார் இல்லத்தில் நடந்ததுபோல், ஸ்ரீபுராணத்தையோ சிந்தாமணியையோ நாளும் சில பக்கம் வீட்டுப் பெரியவர் படிக்க, பேரப்பிள்ளைகள் கேட்கலாம். ஊர் விலகியிருப்போர்க்குத் தொலைபேசி உண்டு. நூல் நிறைவுறும் நாளில் வாயிலில் ஒரு மாவிலைத் தோரணம் கட்டலாம். அவ்வீட்டு முதியவருக்கு அதனினும் சிறந்த சதாபிஷேகம் வேறில்லை.