வேலை பாதி, ஆட்டம் பாதி... கூடைப்பந்தை நம்பி வாழ முடியுமா?

தூத்துக்குடி மாவட்டத்துல விளையாட்டுன்னு பேச்செடுத்தா, முதல்ல வர்றது கோவில்பட்டி ஹாக்கிதான். கடற்கரை ஊர்களில் கால்பந்து. இதுக்கு நடுவே சாயங்காலம் பள்ளி, கல்லூரி கோர்ட்டில் கூடைப்பந்து தட்டிக்கிட்டு இருக்கிற பிள்ளைகளிடம் வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ‘‘இத வச்சு என்னலே செய்யப் போற?’’

பதில் இருக்கிறது. ஆனால், அது டி.வி-யில் பார்க்கிற என்.பி.ஏ மாதிரி இருக்காது.

சம்பளம் எங்கிருந்து வருகிறது?

விளையாட்டே முழுநேர வருமானம் என்றால் புரொஃபஷனல். வேலையும் ஆட்டமும் சேர்ந்து ஓடினால், செமி-புரொஃபஷனல். நம்ம ஊர் கூடைப்பந்து பெரும்பாலும் இரண்டாவது வகை. ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை, ராணுவம் போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை எடுத்து, தங்கள் அணியில் ஆட வைக்கின்றன. சம்பளம் ஆபீஸில், பெயர் கோர்ட்டில்!

லீக் வரும், போகும்

2015-ல் யு.பி.ஏ லீக் வந்தது. சென்னை ஸ்லாம் அணியும் அதில் ஆடியது. சில சீசன்களோடு லீக் நின்றுபோனது. 2022-ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தின் ஆதரவோடு ஐ.என்.பி.எல் தொடங்கியது. ஐவர் ஆட்டத்தின் முதல் சீசன் கோப்பையை சென்னை ஹீட் தூக்கியது. ஆனால், அது ஆண்களுக்கு மட்டுமான போட்டி. பெண்களுக்கு இடம் கிடைத்தது, மூவர் ஆடும் 3x3 பிரிவில்தான்.

நிலைத்து நிற்பவை ஊர்க் கோப்பைகள். பெரியகுளம் சில்வர் ஜூபிலி கிளப்பின் அகில இந்தியப் போட்டி 60 ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. கோவையில் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ பம்ப்ஸ் கோப்பை. கோடையில் வங்கி அணியும் ரயில்வே அணியும் மோதுவதை இங்கே நேரில் பார்க்கலாம்.

அனிதா காட்டிய வழி

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டன் ஆனவர். தெற்கு ரயில்வேயில் வேலை. குழந்தை பிறந்த பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பினார். 2021-ல் பத்மஸ்ரீ. பெண்களுக்குப் பெரிய லீக் இல்லாத காலத்திலும் அவர் தொடர்ந்து ஆட, அந்த வேலை ஒரு பெரிய பிடிமானம்.

ஆள் குறைவா? 3x3 இருக்கே!

ஒரே ஒரு வளையம், பாதி கோர்ட், ஓர் அணிக்கு மூன்று பேர், கூட ஒரு மாற்று ஆட்டக்காரர். 10 நிமிடம், அல்லது முதலில் 21 புள்ளி எடுப்பவர் வெற்றி. டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கிலும் உண்டு. ஐவர் ஆட்டத்தில் ஆண்களுக்கு 7-ம் எண் பந்து, பெண்களுக்கு 6. 3x3-ல் இருவருக்கும் ஒரே பந்து. முழு அணி சேராத சின்ன ஊருக்கு இது சரியான வாசல்.

சர்ட்டிஃபிகேட் முக்கியம் பாஸ்!

பள்ளியில் இருந்தால் மாவட்ட அணித் தேர்வையும் முதலமைச்சர் கோப்பையையும் விடாதீர்கள். கல்லூரி என்றால், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் இடம்பிடிப்பது அடுத்த படி. அதற்கு மேலே மாநில அணி. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எந்தப் போட்டி, எந்த அளவில், என்ன இடம் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். சான்றிதழுக்குக் காலக்கெடுவும் உண்டு. ரயில்வே பொதுவாக நடப்பு நிதியாண்டு, அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளின் சாதனைகளைத்தான் கணக்கில் எடுக்கும். ‘டிகிரி முடிச்சிட்டு நிதானமா அப்ளை பண்ணலாம்’ என்று அலமாரியில் பூட்டிவைத்தால், உங்கள் பதக்கம் வெறும் ஞாபகம் ஆகிவிடும். அதனால், ஆடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

வீட்டில் மறுபடி அந்தக் கேள்வி வந்தால், இந்தக் கணக்கைச் சொல்லிட்டு கோர்ட்டுக்குக் கிளம்புங்க!